ஃப்ளைட் டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி... திரும்பி வர்ற வழியை யோசிச்சீங்களா?

மேட்டுப்பாளையம்னு சொன்னதும் ஊட்டி ரயில்தானே ஞாபகம் வருது? அது வேற. நான் சொல்றது புதுச்சேரி மேட்டுப்பாளையம். தொழிற்பேட்டை, வரிசையா நிற்கிற லாரிகள், ஷிஃப்ட் முடிஞ்சு பைக்கில் கிளம்புற கூட்டம்... அதுதான் அந்த ஏரியாவோட அடையாளம். அங்கே எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன் வீட்டில் ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. முதலில் அதன் பேர் 'பாரிஸ் 2020'. அப்புறம் 'பாரிஸ் 2021' ஆச்சு. 2022 பொங்கலுக்கு 'பாரிஸ் 2022' என்று மாத்தினாங்க. குரூப் பேர்தான் மாறுச்சே தவிர, ஒருத்தரும் அப்போ மீனம்பாக்கத்தைத் தாண்டலை.

அண்ணன் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். வீட்டில் அண்ணி, பத்தாவது படிக்கிற பையன், ஒன்பது வயசுப் பொண்ணு, 68 வயசு ஆயா. பாரிஸுக்குப் பக்கத்தில் இருப்பது அண்ணனோட அக்கா. புதுச்சேரியில் இது புதுக் கதை இல்லை. 1962-ல் பிரெஞ்சு இந்தியப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் இங்கே நிறைய. அப்படி ஒரு குடும்பத்தில் வாக்கப்பட்டுப் போனவங்க அந்த அக்கா. ஆயா தன் மூத்த பொண்ணை நேரில் பார்த்து மூணு வருஷம் ஆகுது. வீடியோ காலில் பார்க்கிறதெல்லாம் பார்த்த கணக்கில் சேராது என்பது ஆயாவோட கட்சி.

அந்த ஜனவரியில் அண்ணன் கேட்ட கேள்வி இதுதான்: "மே லீவுக்கு இப்பவே டிக்கெட் போட்டா விலை கம்மியா இருக்கு தம்பி. போட்டுடலாமா?"

2022 ஜனவரி கடைசியில் உங்க வீட்டிலும் இதே கேள்வி ஓடிக்கிட்டிருந்திருக்கலாம். பாரிஸுக்குப் பதில் துபாய், சிங்கப்பூர், மாலத்தீவு என்று ஊர் மட்டும் மாறியிருக்கும். 'போடலாம்', 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. ஆனா, கேள்வியையே கொஞ்சம் மாத்திக் கேட்டா பதில் தானா கிடைச்சுடும். 'மே மாசம் ஃப்ளைட் ஓடுமா?' என்று கேட்காதீங்க. 'போன இடத்தில் மாட்டிக்கிட்டா யார் செலவில், யார் வீட்டில், எத்தனை நாள் இருப்போம்?' என்று கேளுங்க. போறது பெரிய விஷயமே இல்லை. திரும்பி வர்றதுதான் விஷயம்.

அஞ்சு நாளில் மாறிய அறிவிப்பு

முதல் கேள்விக்கு ஏன் யாராலும் பதில் சொல்ல முடியலை? அந்த இரண்டு மாத வரலாற்றைப் பாருங்க.

2020 மார்ச் 23 முதல் இந்தியாவில் வழக்கமான சர்வதேச பயணிகள் விமானங்கள் நிறுத்தப்பட்டன. அதே வருஷம் மே மாதம் 'வந்தே பாரத்' விமானங்கள், ஜூலையில் இருந்து 'ஏர் பப்பிள்' என்கிற இருநாட்டு ஒப்பந்த விமானங்கள். பிரான்ஸோடும் அமெரிக்காவோடும்தான் முதலில் அந்த ஒப்பந்தங்கள் வந்தன. 2022 ஜனவரியில் நாம் வெளிநாட்டுக்கு டிக்கெட் போட்டது எல்லாமே அந்தத் தற்காலிக ஏற்பாட்டில்தான். வழக்கமான சேவை அப்போ இன்னும் திரும்பியிருக்கலை.

திரும்புற மாதிரி இருந்தது. 2021 நவம்பர் 26, வெள்ளிக்கிழமை. 'டிசம்பர் 15 முதல் சர்வதேச விமானங்கள் மீண்டும் இயங்கும்' என்று மத்திய அரசு அறிவிச்சது. அதே நாளில் உலக சுகாதார நிறுவனம் ஒரு புது வைரஸ் வகைக்குப் பேர் வெச்சது. ஒமிக்ரான். டிசம்பர் 1-ம் தேதி அந்த அறிவிப்பு தள்ளிவைக்கப்பட்டது. நடுவில் அஞ்சே நாள். அந்த அஞ்சு நாளில் சந்தோஷமா டிக்கெட் போட்டவங்களை நினைச்சுப் பாருங்க.

பிறகு டிசம்பர் 9-ல் ஒரு அறிவிப்பு, தடை ஜனவரி 31 வரை. 2022 ஜனவரி 19-ல் இன்னொண்ணு, பிப்ரவரி 28 வரை. அரசாங்கமே ஒரு மாசம், ரெண்டு மாசத்துக்கு மேல் கணக்குப் போட முடியாத நிலையில், நாம் மட்டும் மே மாசத்துக்கு ஜோசியம் பார்ப்பது சரியா வராது.

அரசைக் குறை சொல்றதுக்காக இதைச் சொல்லலை. புது வகை வைரஸ் எப்போ, எங்கே கிளம்பும்னு எவருக்கும் தெரியாது. ஆனா ஒரு முடிவு மாறும்போது அதோட செலவு யார் தலையில் விழுது என்பது தெரிஞ்ச விஷயம்தான். அறிவிக்கிறது அரசு. பணத்தை முன்கூட்டியே வாங்கி வெச்சிருப்பது விமான நிறுவனம். நஷ்டம் வர்றது பெரும்பாலும் குடும்பத்துக்கு.

2020-ல் போன பணம் சொல்லும் பாடம்

அண்ணனுக்கு இது அனுபவம். 2020 மே முதல் வாரத்துக்கு, அந்த ஜனவரியிலேயே ஒரு ஏஜென்ட் மூலமா அஞ்சு டிக்கெட் போட்டிருந்தார். ஊரடங்கு வந்தது. ஃப்ளைட் போச்சு. பணம்? "ஏர்லைன்ஸ்ல இருந்து வரலை சார்" என்று ஏஜென்ட். "ஏஜென்ட்டைக் கேளுங்க" என்று ஏர்லைன்ஸ். பந்து மாதிரி ரெண்டு பக்கமும் உருண்டார் மனுஷன்.

நாடு முழுக்க இதே கதை என்பதால்தான் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2020 அக்டோபர் 1-ல் தீர்ப்பு வந்தது. ஊரடங்குக் காலத்திலேயே, ஊரடங்குக் காலப் பயணத்துக்கு டிக்கெட் போட்டவங்களுக்கு முழுப் பணமும் திரும்பத் தரணும். அதுக்கு முன்னாடியே டிக்கெட் போட்டவங்களுக்கும் பணம் தரணும். நிதி நெருக்கடியில் இருக்கும் நிறுவனம் என்றால் 'கிரெடிட் ஷெல்' தரலாம். அதாவது, உங்க பணம் அவங்க கணக்கில் உங்க பேரில் நிற்கும். 2021 மார்ச் 31 வரை அதை வெச்சு வேற டிக்கெட் போடலாம், இன்னொருத்தருக்கு மாத்தியும் கொடுக்கலாம். பயன்படுத்தாம இருந்தா மாசத்துக்கு அரை சதவிகிதம், 2020 ஜூன் மாசத்துக்கு அப்புறம் முக்கால் சதவிகிதம் என்று அதன் மதிப்பும் கூடணும். கடைசியில் பணமா திருப்பித் தரணும்.

நல்ல தீர்ப்புதான். ஆனா அதில் ரெண்டு விஷயத்தைக் கவனிங்க. ஒண்ணு, அது அந்த ஊரடங்குக்கான தீர்ப்பு. இன்னைக்கு நீங்க போடுற டிக்கெட்டுக்கு அது தானா வந்து காவல் நிற்காது. ரெண்டு, ஏஜென்ட் மூலம் போட்ட டிக்கெட்டுக்குப் பணம் ஏஜென்ட் கணக்குக்குத்தான் போகும். அவர் நமக்குத் தரணும். இடையில் ஒரு கை கூடுதலா இருந்தா, பணம் வர ஒரு படி கூடுதல். நிச்சயமில்லாத காலத்தில் விமான நிறுவனத்தின் இணையதளத்திலேயே நேரடியா டிக்கெட் போடுங்க என்று சொல்றது இதனால்தான். சில நூறு ரூபாய் ஆஃபருக்காக அந்த ஒரு படியை விலைக்கு வாங்காதீங்க.

ரத்து பண்றது யார்?

பலரும் தவற விடுற இடம் இதுதான். ஃப்ளைட் ரத்தாகிறது வேற. நீங்க ரத்து பண்றது வேற.

விமான நிறுவனமே ரத்து செய்தால் பணத்தைத் திரும்பக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 'கிரெடிட்டா வெச்சுக்கிறோம்' என்று அவங்க சொன்னாலும், பணமா, கிரெடிட்டா என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர் பயணிதான் என்கிறது நம்ம ஊர் டிஜிசிஏ விதி. ஐரோப்பிய விதி இன்னும் கறார். ஐரோப்பிய யூனியன் விமான நிலையத்திலிருந்து கிளம்பும் எந்த விமானமும், யூனியனுக்குள் வரும் ஐரோப்பிய நிறுவனங்களின் விமானங்களும் அந்த விதிக்குள் வரும். ரத்தானால் ஏழு நாளுக்குள் பணம். நீங்க ஒப்புக்கொண்டால் மட்டும்தான் வவுச்சர்.

ஆனா அப்போ நடந்தது என்ன? விமானம் ஓடுச்சு. விதிதான் மாறுச்சு. திடீர்னு குவாரன்டீன் கட்டாயம் ஆச்சு, இல்லைன்னா ஏறுறதுக்கு முந்தின நாள் ஒருத்தருக்கு பாசிட்டிவ் வந்தது. ஃப்ளைட் சரியான நேரத்துக்குக் கிளம்பிப் போயிடும், நீங்க மட்டும் வீட்டில் இருப்பீங்க. அப்போ ரத்து பண்றது நீங்கதான். சட்டமும் தீர்ப்பும் அங்கே பெரிசா கைகொடுக்காது. டிக்கெட்டின் கட்டண விதி என்ன சொல்லுதோ அதுதான்.

அதனால் மூணு பழக்கம் வெச்சுக்குங்க. முதலாவது, விலையைப் பார்க்கிறதுக்கு முன்னாடி அந்தக் கட்டணத்தின் ரத்து, தேதி மாற்ற விதியைப் படிங்க. தேதி மாத்த முடியாத மலிவு டிக்கெட், நிச்சயமில்லாத காலத்தில் விலை உயர்ந்த டிக்கெட். ரெண்டாவது, டிக்கெட் போட்ட கொஞ்ச நேரத்துக்குள் மனசு மாறினால் கட்டணமில்லாமல் ரத்து செய்யலாம் என்று டிஜிசிஏ விதி இருக்கு; 2022-ல் அது 24 மணி நேரம். நேரடியா நிறுவனத்தின் தளத்தில் போட்டிருக்கணும், பயணத்துக்கு ஏழு நாளாவது இருக்கணும் என்பது அப்போதைய நிபந்தனை. அந்த நேரத்தை, வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேச வெச்சுக்குங்க. வெளிநாட்டு நிறுவனம் என்றால் அவங்க நாட்டு விதி என்னவென்று பாருங்க. மூணாவது, செய்தி பார்த்துப் பதறி முதல் ஆளா நீங்களே ரத்து பண்ணாதீங்க. நிறுவனமே ரத்து செய்ய வாய்ப்பிருக்கிற நேரத்தில் அவசரப்பட்டால், முழுசா வர வேண்டிய பணத்தை நீங்களே பாதியாக்கிக்கிறீங்க. ஆனா கட்டண விதியில் இருக்கிற கடைசிக் கெடு நேரத்தை மட்டும் தவற விடக் கூடாது.

அஞ்சு பேர், 19 டெஸ்ட்

சரி, டிக்கெட்டைத் தாண்டி வருவோம். அண்ணனும் நானும் ஒரு நாள் சாயங்காலம் டீக்கடையில் உட்கார்ந்து, பேப்பரில் எழுதிப் பார்த்தோம்.

பிரான்ஸுக்குள் நுழைய, ஐரோப்பிய யூனியனுக்கு வெளியிலிருந்து வர்ற 12 வயசுக்கு மேற்பட்ட எல்லோரும், தடுப்பூசி போட்டிருந்தாலும், கிளம்புறதுக்கு முந்தைய 48 மணி நேரத்துக்குள் எடுத்த டெஸ்ட் ரிசல்ட் காட்ட வேண்டியிருந்தது. 2021 டிசம்பர் 4-ல் இருந்து அதுதான் விதியா இருந்தது. நம்ம கணக்கில் நாலு பேர். ஒன்பது வயசுப் பொண்ணுக்கு வேண்டாம்.

திரும்பி இந்தியா வர, கிளம்புறதுக்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர் ரிசல்ட்டை 'ஏர் சுவிதா' தளத்தில் ஏத்த வேண்டியிருந்தது. இதில் அஞ்சு வயசுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு மட்டும்தான் விலக்கு இருந்தது. அப்போ பாப்பாவும் சேர்த்து அஞ்சு பேர். ஐரோப்பா முழுக்க அப்போ 'ரிஸ்க்' நாடுகள் பட்டியலில் இருந்ததால், சென்னையில் இறங்கினதும் மறுபடி அஞ்சு பேருக்கும் டெஸ்ட்; முன்கூட்டியே பதிவு பண்ண வேண்டியிருந்தது, ரிசல்ட் வர்ற வரைக்கும் ஏர்போர்ட்டில் காத்திருக்க வேண்டியிருந்தது. நெகட்டிவ் வந்தாலும் ஏழு நாள் வீட்டுத் தனிமை. எட்டாவது நாள் மறுபடி அஞ்சு டெஸ்ட்.

நாலு, அஞ்சு, அஞ்சு, அஞ்சு. மொத்தம் 19 டெஸ்ட்! பத்து நாள் டூருக்குப் பதினேழு நாள் லீவு வேண்டியிருந்தது. 2022 ஜனவரி 11-ல் இருந்து எந்த நாட்டிலிருந்து வந்தாலும் இந்த ஏழு நாள் கட்டாயமா இருந்ததால், மாலத்தீவுக்கு நாலு நாள் போனாலும் பதினொரு நாள் லீவு. ஐ.டி கம்பெனியில் இருக்கிறவங்க வீட்டிலிருந்தே வேலை பார்ப்பாங்க. ஷிஃப்ட் சூப்பர்வைசர் என்ன செய்வார்? மெஷினை வீட்டுக்கா கொண்டுவர முடியும்?

இதில் இன்னொரு கணக்கும் ஒளிஞ்சிருக்கு. பேச்சுக்கு, பரிசோதிக்கிற நூறு பேரில் ரெண்டு பேருக்கு பாசிட்டிவ் வருதுன்னு வெச்சுக்குங்க. தனியா போற ஒருத்தருக்கு ஆபத்து ரெண்டு சதவிகிதம். ஆனா அஞ்சு பேர் கொண்ட குடும்பத்தில் 'ஒருத்தருக்காவது' வர்ற வாய்ப்பு கிட்டத்தட்ட பத்து சதவிகிதம். நூறில் அஞ்சு பேர்னு வெச்சா, குடும்பத்துக்கு அது இருபதைத் தாண்டிடும். அதுவும் ஒரே வீட்டில், ஒரே தட்டில் பகிர்ந்து சாப்பிடுற குடும்பத்தில் ஒருத்தரோடு அது நிற்காது. பிரான்ஸில் 2022 ஜனவரியில் ஒரே நாளில் 4 லட்சத்துக்கும் மேல் தொற்று பதிவானது என்பதையும் சேர்த்துக்குங்க.

ஒருத்தருக்கு பாசிட்டிவ்னா அஞ்சு பேரும் நிற்கணும். ஒன்பது வயசுப் பிள்ளையை மட்டும் விட்டுட்டு வர முடியுமா, 68 வயசு அம்மாவைத்தான் விட முடியுமா? ஃபேமிலி டூர் என்பது அஞ்சு டிக்கெட் இல்லை. அஞ்சு முடிச்சு போட்ட ஒரே கயிறு.

ஒரே வீட்டில் வேற வேற விதி

தடுப்பூசி விஷயத்திலும் அப்படித்தான். அண்ணன், அண்ணி, ஆயா மூணு பேருக்கும் கோவிஷீல்டு ரெண்டு டோஸ் ஆச்சு. பிரான்ஸ் 2021 ஜூலையிலிருந்தே கோவிஷீல்டை ஏற்றது. பையனுக்கு 15 வயசு முடிஞ்சதால் 2022 ஜனவரி 3-ல் தொடங்கின முகாமில் ஊசி போட்டாச்சு. ஆனா அந்த வயசுக்கு அப்போ தந்தது கோவேக்சின். அதுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரம் 2021 நவம்பர் 3-ல் கிடைச்சிருக்கு. ஐரோப்பிய மருந்து முகமையின் பட்டியலில் அப்போ இல்லை. பாப்பாவுக்கு அப்போ ஊசியே வரலை.

தடுப்பூசி போட்ட பெற்றோரோடு வந்த பிள்ளைகளை பிரான்ஸ் உள்ளே விட்டது. உள்ளே போன பிறகு? 2022 ஜனவரி 24 முதல் அங்கே உணவகம், சினிமா, தொலைதூர ரயில் எல்லாத்துக்கும் 16 வயசுக்கு மேற்பட்டவங்க 'தடுப்பூசி பாஸ்' காட்ட வேண்டியிருந்தது. 'நாட்டுக்குள் நுழைய முடியுமா' என்பதோடு உங்க தேடலை நிறுத்தாதீங்க. 'நுழைஞ்ச பிறகு என்னென்ன செய்ய முடியும்' என்றும், வீட்டில் ஒவ்வொருத்தர் பேரையும் எழுதி, வயசு, ஊசி, கடைசி டோஸ் தேதி போட்டுத் தனித்தனியா பாருங்க. கோவின் சான்றிதழில் பாஸ்போர்ட் நம்பரும் முழுப் பிறந்த தேதியும் சரியா இருக்கா என்பதும் அப்போ அந்தப் பட்டியலில் வர வேண்டியிருந்தது.

மூடுற விதத்தைப் பாருங்க

எந்த நாடு எப்போ மூடும்னு சொல்ல முடியாது. ஆனா மூடும்போது எப்படி மூடுச்சுன்னு பார்க்கலாம். அதில் ஒரு பாடம் இருக்கு.

சிங்கப்பூர் 2021 நவம்பர் 29 முதல் சென்னை உட்பட இந்திய நகரங்களில் இருந்து, தடுப்பூசி போட்டவங்களுக்குத் தனிமை இல்லாத பயணத்தைத் திறந்தது. ஒமிக்ரான் வந்ததும் டிசம்பர் 23 முதல் ஜனவரி 20 வரை புது டிக்கெட் விற்பனையை நிறுத்தியது. ஆனா ஏற்கெனவே டிக்கெட் வெச்சிருந்தவங்களைப் போக விட்டது. தாய்லாந்தும் டிசம்பரில் புது விண்ணப்பங்களை நிறுத்தினாலும், முன்பே அனுமதி வாங்கினவங்களை ஏற்றது. இவங்க வாசலை மூடினாலும், வரிசையில் நின்னவங்களை உள்ளே விட்டுட்டு மூடினாங்க.

ஹாங்காங் அப்படி இல்லை. 2022 ஜனவரி 8 முதல் இந்தியா உட்பட எட்டு நாடுகளிலிருந்து வரும் பயணிகள் விமானங்களையே நிறுத்திடுச்சு. 2021 இரண்டாம் அலையில் ஐக்கிய அரபு அமீரகம் ஏப்ரலில் இந்திய விமானங்களை நிறுத்தியது. சுற்றுலா விசாவில் நாம் மறுபடி போக ஆகஸ்ட் கடைசி ஆச்சு. மாலத்தீவு 2021 மே 13-ல் தெற்காசியச் சுற்றுலாப் பயணிகளுக்குக் கதவை மூடி, ஜூலை 15-ல் திறந்தது. நீங்க போற நாட்டின் பேரோடு 2021 மே, 2021 டிசம்பர் ரெண்டையும் சேர்த்துத் தேடிப் பாருங்க. ரீல்ஸில் வர்ற நீலக் கடலைவிட அது உபயோகமான தகவல்.

லாஸ்பேட்டையைத் தாண்டி

நம்ம பக்கத்துக்கு இன்னொரு சிக்கல் உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து லாஸ்பேட்டை விமான நிலையம் கூப்பிடுற தூரம்தான். ஆனா கொரோனா வந்ததிலிருந்து 2022 ஜனவரி வரைக்கும் அங்கே பயணிகள் விமானம் இல்லை. அதுக்கு முன்னாடியும் வெளிநாட்டு விமானம் இருந்ததில்லை. எப்படியும் 150 கிலோமீட்டர் தள்ளி சென்னைக்குத்தான் போகணும். நடுவில் மாநில எல்லை. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் இரவு ஊரடங்கு, மூணு ஞாயிறு முழு ஊரடங்கு. 28-ம் தேதியோடு இரவு ஊரடங்கு விலகியது. ஒரு ஃப்ளைட்டைப் பிடிக்க நாம் ரெண்டு அரசுகளின் விதியைப் படிக்க வேண்டியிருந்தது.

இதை அப்போதைய 48 மணி நேர விதியோடு சேர்த்துப் பாருங்க. சனிக்கிழமை அதிகாலை 2 மணிக்கு ஃப்ளைட் என்றால், வியாழன் அதிகாலை 2 மணிக்கு அப்புறம்தான் டெஸ்ட் எடுக்கணும். லேப் திறக்கிறது காலையில். வெள்ளி சாயங்காலம் ஏழு மணிக்காவது வீட்டை விட்டுக் கிளம்பணும். ஆக, நாலு பேரின் ரிசல்ட்டும் ஒன்றரை நாளுக்குள் கையில் இருக்கணும். அலை உச்சத்தில் லேப்கள் திணறுற நேரத்தில் இது சாதாரண விஷயமில்லை. உங்க ஊர் லேபில் எத்தனை மணி நேரத்தில் ரிசல்ட் வருதுன்னு, டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டுக் கேட்க வேண்டிய காலம் அது.

போனா திரும்பாத பணம்

டிக்கெட் தவிர, திரும்பாத செலவுகள் உண்டு. ஷெங்கன் விசாவுக்கு 2022-ல் பெரியவர்களுக்கு 80 யூரோ, 6 முதல் 11 வயசு வரை 40 யூரோவா இருந்தது. விசா கிடைக்காட்டியும், பயணம் நடக்காட்டியும் அது வராது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். காப்பீடு எடுத்தாச்சே, எல்லாம் கவர் ஆயிடும் என்று நினைச்சுடாதீங்க. மருத்துவச் செலவு, தனிமையில் தங்கும் செலவு, அரசுத் தடையால் ரத்தாகும் பயணம் என்று மூணும் மூணு விஷயம். மூணும் உங்க பாலிசியில் இருக்கா, எத்தனை நாளைக்கு என்று விதிவிலக்குப் பக்கத்தைப் படிச்சுட்டுப் பணம் கட்டுங்க.

இதையெல்லாம் கூட்டி ஒரு தொகை வரும். அந்தத் தொகையைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி: இது மொத்தமும் போனா, நம்ம வீட்டில் பிள்ளைங்க ஃபீஸோ, மாசத் தவணையோ நிற்குமா? நிற்காதுன்னா, தைரியமா போடுங்க. நிற்கும்னா, அது டூர் பணம் இல்லை, வீட்டுப் பணம். அதைத் தொடாதீங்க.

யார் வீட்டில் தங்குவீங்க?

கடைசியா, நான் முதலில் சொன்ன கேள்வி. மாட்டிக்கிட்டா எங்கே இருப்போம்?

ஹோட்டல் பேக்கேஜில் நாலு நாள் துபாய் போன குடும்பத்துக்கு பாசிட்டிவ் வந்தால், ஒவ்வொரு கூடுதல் ராத்திரிக்கும் பில் ஏறும். அக்கா வீட்டுக்குப் போன குடும்பத்துக்கு பாசிட்டிவ் வந்தால், ரசம் வரும். வெளிநாட்டில் ஒரு வீடு திறந்திருக்கு என்பது அந்தக் காலத்தில் எந்தக் காப்பீட்டையும்விடப் பெரிசு. அந்த வகையில் பாரிஸ் திட்டம், துபாய் திட்டத்தைவிடப் பத்திரமானது. அண்ணன் முகம் அப்போதான் கொஞ்சம் மலர்ந்தது.

ஆனா பேப்பரை மறுபடி பார்த்தோம். பதினேழு நாள் லீவு கிடைக்காது. பையனுக்குப் பத்தாவது பொதுத்தேர்வு. தேதியே அப்போ வரலை. தேர்வு தேதி தெரியாம ஃப்ளைட் தேதி எப்படிப் போடுறது? 19 டெஸ்ட்டில் எந்த ஒண்ணு சறுக்கினாலும் அஞ்சு பேரும் நிற்கணும்.

அப்போதான் அண்ணி, ரொம்ப நேரமா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தவங்க, சொன்னாங்க: "நாம அஞ்சு பேர் போறதுக்கு, அண்ணி ஒருத்தர் வந்தா என்ன?"

யோசிச்சுப் பாருங்க. அக்காவுக்கு ஓசிஐ அட்டை இருக்கு, விசா வேண்டாம். அஞ்சு முடிச்சுக்குப் பதில் ஒரு முடிச்சு. 19 டெஸ்ட்டுக்குப் பதில் வர்றதுக்கு மூணு. நமக்குச் சுமையா தெரிஞ்ச அந்த ஏழு நாள் வீட்டுத் தனிமை, அவங்களுக்கு அம்மா வீட்டு மாடி ரூம். ஆயா கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்துக்கலாம், அவங்க மாடியிலிருந்து பேசலாம். எட்டாவது நாள் டெஸ்ட் நெகட்டிவ்னு வந்ததும் படி இறங்கி வரலாம். வயசானவங்க இருக்கிற வீட்டில் அந்த ஏழு நாளைக் கறாரா கடைப்பிடிக்கணும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

எல்லோர் வீட்டுக்கும் இதுவே பதில் இல்லை. உங்க வீட்டில் ரெண்டு பேர்தான், வீட்டிலிருந்தே வேலை, தேதி மாத்தக் கூடிய டிக்கெட், போனால் போகட்டும் என்கிற அளவுக்குச் சேமிப்பு என்றால் தாராளமா கிளம்புங்க. பயத்தில் வீட்டுக்குள்ளேயே இருங்கன்னு நான் சொல்ல வரலை. ஆனா 'எங்கே போகலாம்?' என்று ஆரம்பிக்கிற பேச்சை 'யாரைப் பார்க்கணும்?' என்று ஆரம்பிச்சுப் பாருங்க. சில சமயம் அதுக்கு அஞ்சு டிக்கெட் தேவைப்படாது.

ஈஃபிள் டவர் போச்சேன்னு பாப்பாவுக்கு மட்டும் வருத்தம். அது எங்கேயும் போகாது, அடுத்த வருஷமும் அங்கேயேதான் நிற்கும்னு ஆயா சமாதானம் சொல்லியிருக்காங்க. வாட்ஸ்அப் குரூப் பேர் அப்புறம் மறுபடி மாறுச்சு. புதுப் பேர் 'அத்தை வர்றாங்க'. வருஷம் மட்டும் போடலை. அந்த வீட்டுக்கு இப்போ விவரம் வந்துடுச்சு.